மதுக்கூட மேடையில் வாசிப்புத் திறனும் மேடை ஈர்ப்பும்: எதற்கு எவ்வளவு?

கேள்வி: ஆறாம்தந்தி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூவர் கொண்ட சிறிய குழு. நான் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். மற்ற இருவரில் ஒருவர் பாஸ் கிட்டார், இன்னொருவர் டிரம்ஸ். வார இறுதிகளில் மதுக்கூடங்களில் வாசிக்கிறோம். ஒத்திகையில் நாங்கள் குறை வைப்பதில்லை. சுருதி, காலப்பிரமாணம், இரண்டாம் குரல் சேரும் இடம், பாட்டை முடிக்கும் விதம் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகே ஒரு பாட்டை மேடைக்குக் கொண்டுபோகிறோம். இசை தெரிந்தவர்கள் அருகில் வந்து பாராட்டவும் செய்கிறார்கள்.

ஆனாலும் பாட்டு தொடங்கிய சிறிது நேரத்திலேயே கூடத்தில் பேச்சுச் சத்தம் ஏறிவிடுகிறது. நான் மிகவும் மெனக்கெட்டு அமைத்த சோலோ (கிட்டாரின் தனி வாசிப்பு) ஒன்று முடியும்போது, மேடைக்கு மிக அருகில் உள்ள மேசையில் இருப்பவர்கள்கூடத் தலை நிமிர்வதில்லை. எங்களுக்குப் பின் அதே மேடையில் ஏறிய இன்னொரு குழுவைக் கவனித்தேன். மூன்று நான்கு கார்டுகளை (சுரக்கூட்டுகளை) தாண்டாத எளிய பாடல்கள். ஓரிடத்தில் பாடகர் ஒரு பக்கமும் டிரம்ஸ் வாசிப்பவர் இன்னொரு பக்கமுமாகப் பாட்டை முடித்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், கூடமும் சேர்ந்து சிரித்தது. கடைசிப் பாட்டுக்கு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து நின்று உடன் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த தேதி அன்றிரவே உறுதியாகிவிட்டது. எங்களிடம் மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: "நன்றாக வாசிக்கிறீர்கள், ஆனால் மூன்று பேரும் தரையைப் பார்த்தே வாசிக்கிறீர்கள்."

எங்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. டிரம்ஸ் நண்பர் ஒத்திகை நேரத்தில் பாதியை மேடை நடத்தைக்கு ஒதுக்கலாம் என்கிறார். பாஸ் நண்பரோ, மேடையில் குதிப்பதும் கையை ஆட்டுவதும் இசையைக் கீழே இறக்கும் வேலை, அதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. உடம்பை அசைத்து, கூட்டத்தைப் பார்த்து வாசித்தால் வாசிப்பில் பிசிறு தட்டாதா? அப்படியே தட்டினாலும் அதற்கு ஈடாகக் கிடைப்பது போதுமானதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பதில்: கீழ்ஸ்தாயி

நானும் பாஸ் வாசிப்பவன். ஆகவே உங்கள் பாஸ் நண்பரின் கட்சியில் சேர வேண்டியவன். ஆனால் சேர முடியவில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்துவிடும் என்று எண்ணிக்கொள்வதால்தான் உங்கள் குழுவில் இந்த வாதம் முடியாமல் நீள்கிறது. மேடையில் பங்கு பிரிக்கப்படுவது கவனம் ஒன்றுதான். ஒரு பகுதி உங்கள் கவனம் முழுவதையும் கேட்கிறது என்றால், கூடத்துக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. தலை தானாகவே கீழே குனியும், முகம் இறுகும். அதே பகுதி கைக்கு முழுவதும் படிந்துவிட்டால் கண்ணும் முகமும் விடுதலை அடைகின்றன. எனவே, மேடையில் நிமிர்ந்து பார்க்க முடியாத பாட்டு இன்னும் பயிற்சி முடியாத பாட்டு என்றே நான் கொள்கிறேன். பிழையில்லாமல் வாசிக்க முடிகிறது என்பது பாதி வழிதான்.

மீதி வழிக்கான பயிற்சி அறையிலேயே நடக்க வேண்டும். பெரும்பாலோர் நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரின் கழுத்தைப் பார்த்தபடி பயிற்சி செய்துவிட்டு, மேடையில் நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். நிற்கும்போது வார் நீளத்துக்கேற்பக் கிட்டார் தாழ்கிறது, மணிக்கட்டின் கோணம் மாறுகிறது. ஆக மேடையில் அவர்கள் வாசிப்பது அவர்கள் பழகிய கருவியே அல்ல. நின்று பழகுங்கள், மேடைக்கு வைக்கும் அதே வார் நீளத்தில். பிறகு விளக்கை அணைத்து வாசித்துப் பாருங்கள். கை எங்கே தேடுகிறதோ அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துச் சரிசெய்யுங்கள். அதற்கும் அடுத்த படி, ரிதம் வாசித்துக்கொண்டே எதிரில் இருப்பவருடன் சாதாரணமாகப் பேசுவது. வாக்கியம் உடையாமல், தாளமும் நழுவாமல் பேச முடிந்தால் அந்தப் பாட்டு மேடைக்குத் தயார். நீங்கள் பாடிக்கொண்டே வாசிப்பவர் என்பதால் இந்தச் சோதனை உங்களுக்கு மிகவும் பயன்படும்.

பிசிறு தட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டும், நீங்கள் உங்கள் திறமையின் விளிம்பில் நின்று வாசித்தால். மேடையில் இதயத் துடிப்பு ஏறுகிறது, கை வியர்க்கிறது, மானிட்டரில் (வாசிப்பவர்களை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில்) உங்கள் குரல் சரியாகக் கேட்பதில்லை. இத்தனைக்கும் இடம் விட வேண்டும் என்றால், ஒத்திகை அறையில் பத்துக்கு எட்டு முறை மட்டும் சரியாக வரும் சோலோவை மதுக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து மிகக் கடினமான இரண்டு வரிகளை எடுத்துவிட்டு, மிஞ்சுவதை நிமிர்ந்து நின்று வாசியுங்கள். எடுத்தது எடுக்கப்பட்டது என்று உங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

காலப்பிரமாணம் பற்றியும் ஒரு சொல். படபடப்பில் எல்லாப் பாட்டும் சற்று வேகமாகவே தொடங்கும். தொடங்கியவருக்கு அது தெரியாது. டிரம்ஸ் நண்பர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் விளக்கை மட்டும், ஒலியில்லாமல், நான்கு தாளம் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்கட்டும்.

மேடை ஈர்ப்பு தரக்குறைவானது என்ற கருத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த இந்திரா என்ற சிறிய விடுதியில் வாசிக்கப் போனபோது, வார நாள்களில் ஓர் இரவுக்கு நான்கரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் மேடையில் நிற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அசையாமல் நின்று வாசித்தவர்களைப் பார்த்து விடுதி உரிமையாளர் புரூனோ கோஷ்மிடர் "மாக் ஷோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஏதாவது காட்டுங்கள் என்று பொருள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று லிவர்பூல் அருகே லிதர்லாந்து மண்டபத்தில் அவர்கள் வாசித்தபோது, ஊர்க்காரர்களே அடையாளம் தெரியாமல் அவர்களை ஜெர்மானியக் குழு என்று நினைத்தார்கள் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. அந்தச் சில மாதங்களில் வளர்ந்தது வாசிப்பா, மேடைத் துணிவா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல இயலாது. இரவுக்கு இத்தனை மணி நேரம் வாசித்ததால் கை படிந்தது. கை படிந்ததால் கூட்டத்தைப் பார்க்க முடிந்தது.

இன்னொரு பக்கம் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். அவரைவிட ஆட்டமும் ஓட்டமும் மிகுந்த மேடைக்காரரைக் காட்டுவது கடினம். ஆனால் தம் குழுவில் ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டாலும், காலணியை மெருகேற்றாமல் வந்தாலும் அபராதம் விதித்தவரும் அவரே. அவ்வளவு இறுக்கமான பின்னணி இசை இருந்ததனால்தான் அவரால் மேடையில் எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது. இதை உங்கள் பாஸ் நண்பரிடம் சொல்லுங்கள். குதிக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் சோலோ வாசிக்கும்போது உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது. ஒருவர் பார்க்கும் திசையில் மற்றவர் கண் போவது மனித இயல்பு. மேடையில் இருக்கும் இரண்டு பேரும் கிட்டார்க்காரரைப் பார்த்தால், கூடத்தில் குறைந்தது சில மேசைகளாவது அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கும். உங்கள் சோலோவை யாரும் கவனிக்கவில்லை என்றால், அதை முதலில் கவனிக்காதவர்கள் மேடையில் இருந்த இருவர்தான்.

கடைசியாக, ஒரு நிகழ்ச்சியைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கூடத்தின் நடுவில் இருக்கும் மேசையின் உயரத்திலிருந்து, மேடை முழுவதும் தெரியும்படி. அதை ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேறொரு நாளில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். முதல் முறை பார்க்கும்போது நீங்கள் உள்ளே அனுபவித்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே தெரியவில்லை என்பது புலப்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்; செய்தால் காது ஜெயித்துவிடும், கண் எதையும் பார்க்காது.

பதில்: கலவைப்பலகை

நான் மேடைக்கு எதிர்ப்புறம், ஒலிக்கலவைப் பலகைக்குப் பின்னால் நிற்பவன். மேலே எழுதியவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் குழுவின் குணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பல குறைகள் ஒலியாலும் மேடை அமைப்பாலும் வருபவை என்பதை யாரும் சொல்லவில்லை.

பேச்சுச் சத்தம் ஏறுகிறது என்கிறீர்கள். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அநேகமாக ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் கூட்டுகிறீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். இதை விவரித்து 1911ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் பெயராலேயே இந்த விளைவு அறியப்படுகிறது. நீங்கள் ஏற்ற, அவர்கள் ஏற, மறுபடி நீங்கள் ஏற்ற, முதல் செட் (இடைவேளை வரை வாசிக்கும் பகுதி) முடிவதற்குள் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும். நான் வேலை செய்யும் இரவுகளில் இதற்கு நேர்மாறாகத்தான் செய்யச் சொல்வேன். ஒரு பாட்டின் நடுவில் டிரம்ஸை நிறுத்தி, குரலும் பாஸும் மட்டும் எட்டு தாளச் சுற்று போகட்டும். கூடத்தில் உரத்துப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் திடீரென்று தங்களுக்கே கேட்கும். அதில் சிலர் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பார்கள். அந்தச் சில நொடிகளில் நீங்கள் நிமிர்ந்து இருந்தால் அவர்கள் உங்களுடையவர்கள். செவிக்கும் இது நல்லது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும் என்பதால், 100 டெசிபலில் அது 15 நிமிடமே.

அடுத்து, முகம். உங்கள் மேலாளர் தரையைப் பார்த்து வாசிக்கிறீர்கள் என்றார். தரையில் என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்கள், பாட்டு வரிசைத் தாள், பாடல் வரிகள் வைத்த டேப்லெட். வரிகள் மனப்பாடம் ஆகாத பாட்டைப் பாடாமல் இருப்பதே நல்லது. முடியாது என்றால் டேப்லெட்டை மைக் தாங்கியிலேயே, மைக்குக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் பொருத்துங்கள். நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் நோட்டுத் தாங்கி உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர். மைக்கை வாய்க்கு நேராக நிமிர்த்தி வைத்தால் பின்வரிசையில் இருப்பவருக்கு உங்கள் வாயே தெரியாது. சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி வையுங்கள். மேடையில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நிகழ்ச்சிக்கு முன்பே கூடத்தில் நின்று பாருங்கள். பாடகர் இருட்டிலும் டிரம்ஸ் வெளிச்சத்திலும் இருக்கும் மேடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டடி இடம் மாறி நின்றால் தீர்ந்துவிடுகிற விஷயம் அது.

மூன்றாவது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள வெற்று நேரம். கூட்டம் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான். பாட்டு முடிகிறது, கைத்தட்டல் வருகிறது, பிறகு கிட்டார்க்காரர் எல்லோர் காதிலும் விழும்படி தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுச் சுருதி சேர்க்க உதவும் பெடல் ட்யூனர் இல்லாமல் மதுக்கூடத்துக்கு வராதீர்கள். ஒருவர் சுருதி சேர்க்கும்போது பாஸும் டிரம்ஸும் அடுத்த பாட்டின் தாளத்தை மெல்லத் தொடங்கிவிடலாம். ஒரே சுருதியில் உள்ள இரண்டு பாடல்களை நிற்காமல் இணைக்கலாம்.

இன்னும் ஒன்று. உணர்ச்சி மேலிட்டு மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மைக்குக்குப் பின்னாலிருந்து வரும் ஒலியைத் தவிர்க்கும்படி செய்யப்பட்ட அமைப்பு அதனால் கெட்டு, மானிட்டர் ஊளையிடத் தொடங்கும். பார்வைக்கு வீரமாக இருக்கும்; காதுக்குக் கொடுமை.

பதில்: தாழ்ந்தகுரல்

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். நான் பியானோ வாசிப்பவன், பெரும்பாலும் ஜாஸ். மதுக்கூடம் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அவை ஒரே வகை அல்ல. சில இடங்களில் மக்கள் ஆட வருகிறார்கள், சில இடங்களில் பேச வருகிறார்கள், சில இடங்களில் உண்மையாகவே கேட்க வருகிறார்கள். பேச வந்தவர்களை வலுக்கட்டாயமாகத் திருப்ப முயல்வது அவர்கள் மாலைப்பொழுதைக் கெடுப்பதாகும். அங்கே அளவாக, இதமாக வாசித்துவிட்டு வருவதும் ஒரு தொழில்தான். அதில் அவமானம் எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவது காதை ஆள்கிறது என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. சியா ஜங் சாய் 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத காணொளியை மட்டும் பார்த்தவர்களே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களிடமும் அதே முடிவு. இதை வைத்துக்கொண்டு வாசிப்பு முக்கியமில்லை என்று கிளம்பிவிடுகிறவர்கள் கவனிக்காத செய்தி ஒன்று இருக்கிறது: இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் எல்லோருமே மிகச் சிறந்த வாசிப்பாளர்கள். காதுக்கு அவர்களிடையே வேறுபாடு மிகவும் குறைவு; ஆகவே கண் முடிவு செய்தது. 2018இல் சாமுவேல் மேரும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். விளைவு மறுபடியும் கிடைத்தது என்றாலும், அதிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்று எழுதினார்கள். மதுக்கூடத்துக்கு வரும் குழுக்களிடையே வாசிப்புத் தரத்தில் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு என்பது நாம் அறிந்ததே.

அசைவுதான் ஈர்ப்பு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பல நேரம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி தம் குழுவைப் பார்த்து வாசித்தார். அவரிடமிருந்து யாரும் கண்ணை எடுக்கவில்லை, ஏனென்றால் அவர் குழுவில் என்ன நடக்கிறது என்பதை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. (இதை நாளைக்கே மதுக்கூடத்தில் செய்து பார்க்க வேண்டாம். அதற்கு முதலில் மைல்ஸ் டேவிஸ் ஆக வேண்டும்.) உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவர் புளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங். அவர் பாடும்போது கிட்டார் வாசித்ததில்லை. பாடி நிறுத்திய இடத்தில் கிட்டார் இரண்டு மூன்று சுரங்களில் பதில் சொன்னது. எனவே, பாடும் நேரத்தில் அவர் முகமும் கையும் முழுவதும் பாட்டுக்கே கிடைத்தன. உங்களுடையது மூவர் குழு என்பதால் முழுவதும் அப்படிச் செய்தால் வெறுமை தட்டும். ஆனால் ஒன்றிரண்டு பாடல்களில் பாஸையும் டிரம்ஸையும் நம்பி, பாடும் வரிகளில் கிட்டாரை விட்டுவிட்டுப் பாருங்கள்.

ஆறாம்தந்தி

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. சோலோவின்போது ஒருவரை ஒருவர் பார்ப்பது என்ற யோசனையைப் பாஸ் நண்பர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அவர் பயந்தது வேறு எதற்கோ என்று தெரிகிறது. தந்தி முறுக்கும் சத்தம் எங்களிடமும் உண்டு. பெடல் ட்யூனர் வாங்க முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒரு விஷயம் தெளிவாகவில்லை. பாடல்களுக்கு இடையில் பேச வேண்டுமா? எனக்குப் பேச்சு வராது. அத்துடன், குடித்திருப்பவர்கள் மேடை அருகே வந்து, நாங்கள் ஒத்திகை பார்க்காத பாட்டைக் கேட்டு நிற்கும்போது எப்படிச் சமாளிப்பது என்பதும் தெரியவில்லை.

பதில்: நடுநிசிப்பாடகி

நான் இதே வேலையை நெடுங்காலமாகச் செய்து வருபவள் என்பதால் இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பேச்சு வராது என்றால் குறைவாகப் பேசுங்கள். ஆனால் பேசும் கொஞ்சத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். பாட்டை ஒத்திகை பார்க்கிறவர்கள் பேச்சை மட்டும் அந்தந்த நேரத்தில் வருகிறபடி விட்டுவிடுவது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. ஒரு செட்டுக்கு மூன்று இடங்கள் போதும்: இரண்டாவது பாட்டு முடிந்ததும் குழுவின் பெயர், நடுவில் ஒரு முறை உடன் வாசிப்பவர்களின் பெயர், இடைவேளைக்கு முன்னால் எப்போது திரும்பி வருவீர்கள் என்பது. முதல் பாட்டுக்கு முன் எதுவும் பேசாதீர்கள், நேராக வாசிப்பில் இறங்குங்கள். அப்போது உங்களை யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் தரும் அறிமுக உரையை மதுக்கூடத்தில் யாரும் கேட்பதில்லை. பாட்டின் பின்னணிக் கதையை நீட்டி முழக்காதீர்கள். "இது சற்றுக் கடினமான பாட்டு, தப்பு வந்தால் மன்னியுங்கள்" என்பதையும், "இன்று எனக்குத் தொண்டை சரியில்லை" என்பதையும் என்ன நேர்ந்தாலும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகு அவர்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், தப்பைத்தான் கேட்பார்கள்.

எல்லோரையும் பார்த்துப் பேசுவது கூச்சமாக இருந்தால் மூன்று மேசைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: இடது, வலது, கடைசி. ஒரு வரியை ஒரு மேசைக்குப் பாடுங்கள், அடுத்த வரியை அடுத்த மேசைக்கு. ஒரே ஆளை நெடுநேரம் பார்க்காதீர்கள். அவருக்கும் சங்கடம், அவருடன் வந்தவருக்கும் சங்கடம். கால் தட்டுகிற ஒருவராவது எந்தக் கூடத்திலும் இருப்பார், அவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் மனம் தளரும் நேரத்தில் அங்கே திரும்பலாம்.

பாட்டு கேட்டு வருபவர்களைப் பொறுத்தவரை, தெரியாத பாட்டை அரைகுறையாக வாசிக்க முயலாதீர்கள். அதற்காக இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலவும் சொல்ல வேண்டாம். "அது இன்று எங்களிடம் இல்லை, ஆனால் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, உங்களுக்காக அடுத்ததாக வாசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே அவரைப் பார்த்து அதை வாசித்தால் பத்தில் ஒன்பது பேர் மகிழ்ச்சியுடன் திரும்பிப் போவார்கள். இதற்காகவே வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தது ஒன்று என்று சில பாடல்களை வரிசையில் சேர்க்காமல் தனியே வைத்திருங்கள். பத்தாவது ஆள் மைக்கைப் பிடுங்க வந்தால் அது உங்கள் வேலை அல்ல. விடுதியின் ஊழியர்களைக் கண்ணால் அழையுங்கள், வாசிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கூடம் முழுவதும் அந்த ஆளின் மேடையாகிவிடும்.

பாட்டு வரிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சோலோவுக்கு நேர்ந்தது அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மெனக்கெட்டு அமைத்த பாட்டு என்பதால் அதை முதல் செட்டின் தொடக்கத்தில் வைத்திருக்கிறீர்களா? அப்போது மக்கள் இடம் தேடிக்கொண்டும் பானம் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். அங்கே வைக்க வேண்டியது தாளம் கெட்டியாக உள்ள, யாரும் உற்றுக் கேட்கத் தேவையில்லாத பாடல்கள். கடினமான வாசிப்பை இரண்டாம் செட்டின் நடுவில், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை வாசித்துக் கூடத்தை உங்கள் பக்கம் இழுத்த பிறகு, அதை அடுத்து வையுங்கள். அதிலும் முதலில் குரலுக்குத் துணையாகச் சிறிதாகத் தொடங்கி, பிறகு விரித்துக்கொண்டு போங்கள். கடைசி செட்டில் நுணுக்கம் எடுபடாது. கச்சேரி முடிவில் துக்கடாக்களுக்கு இருக்கும் அதே வேலை அங்கே எல்லோரும் உடன் பாடும் பாடல்களுக்கு.

பதில்: கல்லாப்பக்கம்

நான் இசைக்காரன் அல்ல. ஒரு மதுக்கூடத்தின் நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்பவன். எதை வைத்து ஒரு குழுவை மறுபடி அழைக்கிறோம் என்று இங்கே யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மேடையைப் பார்ப்பதைவிட மேசைகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். இன்னொரு முறை பானம் கேட்டு உட்காருகிறார்களா, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறார்களா என்பதுதான் எங்கள் அளவுகோல். ஊழியர்களுக்கு மேசையில் சொல்வது காதில் விழாத அளவுக்குச் சத்தமாக வாசிக்கும் குழு எவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருந்தாலும் எங்களுக்கு இழப்புதான். மிக நன்றாக வாசித்துவிட்டு, பதினைந்து நிமிட இடைவேளை என்று சொல்லி நாற்பது நிமிடம் கழித்து மேடைக்குத் திரும்பும் குழுவும் அப்படியே. கூடத்தில் சேர்ந்திருக்கும் சூடு அதற்குள் ஆறிவிடும். பாதிப் பேர் போயிருப்பார்கள்.

உங்கள் மேலாளர் உங்களிடம் குறையைச் சொன்னாரே, அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப அழைக்க விரும்பாத குழுவிடம் நாங்கள் நன்றி மட்டும்தான் சொல்வோம். அடுத்த தேதியைக் கேட்க இடைவேளையில் வராதீர்கள், அப்போது எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். கருவிகளை எடுத்து வைத்துவிட்டு, கல்லாக் கணக்கு முடியும் வரை காத்திருந்து கேளுங்கள். தயாராக இரண்டு தேதிகளைக் கையில் வைத்திருங்கள்.